பின்ன வகைகளை மாற்றி மாற்றிச் சொல்லும் பிள்ளைக்கு: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை வேளையில் கணக்குச் சொல்லித் தரும் பழக்கம் எனக்குப் பல ஆண்டுகளாக உண்டு. பின்னப் பாடம் தொடங்கிய இரண்டாவது வாரத்தில், ஏறத்தாழ ஒரே பிழைகள் ஒரே வரிசையில் ஒவ்வோர் ஆண்டும் வந்து நிற்கும். தகு பின்னம் (மேல் எண் கீழ் எண்ணைவிடச் சிறியது) எது, தகாப் பின்னம் (அப்படி இல்லாதது) எது என்று எத்தனை முறை சொன்னாலும் பிள்ளை மாற்றியே எழுதுகிறது என்று பெற்றோர் வருந்துவார்கள். ஆனால் வரையறையைக் கேட்டால் அதே பிள்ளை ஓரெழுத்துப் பிசகாமல் ஒப்பித்துவிடும். பிழை பெரும்பாலும் வரையறையில் இருப்பதில்லை. எந்த எண் எதைக் குறிக்கிறது, எதை ஒரு முழுவாகக் கொள்கிறோம் என்ற இரண்டு இடங்களில்தான் அது ஒளிந்திருக்கிறது. எனவே வரையறையை மீண்டும் பத்து முறை எழுத வைப்பதற்கு முன், கீழே உள்ளவற்றுள் உங்கள் பிள்ளையிடம் காணும் அறிகுறியைத் தேடி, அதன்கீழ் உள்ள காரணங்களைச் சொன்ன வரிசையிலேயே சோதித்துப் பாருங்கள். முதலில் வருவது சில நிமிடங்களில் தீரும். கடைசியில் வருவது சில வாரங்கள் பிடிக்கும்.

தேவையானவை ஒரே அளவாக வெட்டிய பத்துக் காகிதப் பட்டைகள், ஒரு வண்ணப் பென்சில், ஒரு கட்டம் போட்ட நோட்டு. அழிப்பான் வேண்டாம். பிள்ளை எழுதிய பிழையான விடைதான் காரணத்தைக் காட்டும் தடயம். அதை அழித்துவிட்டால் சோதிக்க ஒன்றும் மிஞ்சாது.

அறிகுறி 1: சொல்லக் கேட்டு எழுதும்போது பின்னம் தலைகீழாகிறது

"மூன்றில் இரண்டு" என்று சொன்னால் பிள்ளை 3/2 என்று எழுதுகிறது. பிறகு தான் எழுதியதைப் பார்த்து "தகாப் பின்னம்" என்று வகைப்படுத்துகிறது. எழுதிய பின்னத்துக்கு அந்த வகை சரியே. ஆனால் விடை தவறு. இதைப் பார்த்து, பிள்ளைக்கு வகை தெரியவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

எழுதும் முறையை முதலில் பாருங்கள். கோடு போட்ட நோட்டில் சாய்கோடு இட்டு எழுதும்போது இரண்டு எண்களும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நின்றுவிடுகின்றன. கட்ட நோட்டில் படுக்கைக் கோடு போட்டு, மேலே ஒரு கட்டம், கீழே ஒரு கட்டம் என்று எழுத வையுங்கள். இதனாலேயே பிழை நின்றுவிட்டால் வேறெதையும் தேட வேண்டியதில்லை.

நிற்கவில்லை என்றால், காரணம் பெரும்பாலும் வாசிப்பு வரிசை. தமிழில் நாம் கீழ் எண்ணை முதலில் சொல்கிறோம்: மூன்றில் இரண்டு, எட்டில் ஐந்து. ஆங்கிலத்தில் மேல் எண் முதலில் வருகிறது. வகுப்பறைப் பேச்சில் வழங்கும் "டூ பை த்ரீ" என்பதும் மேலிருந்து கீழாகத்தான் போகிறது. பள்ளியில் ஆங்கில வழியிலும் வீட்டில் தமிழிலும் கணக்குக் கேட்கும் பிள்ளைக்கு ஒரே பின்னம் இரண்டு எதிர்த் திசைகளில் காதில் விழுகிறது. சோதனை எளிது. தமிழில் மூன்று பின்னங்களையும் ஆங்கிலத்தில் மூன்று பின்னங்களையும் சொல்லி எழுதச் சொல்லுங்கள். ஒரு மொழியில் சொன்னவை மட்டும் தலைகீழானால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. தமிழில் தலைகீழாகிறது என்றால், "இல்" ஏறிய எண் கீழே போகும் என்ற ஒரே பழக்கத்தை உண்டாக்குங்கள். "மூன்றில்" என்று காதில் விழுந்ததும் கோட்டை இழுத்துக் கீழே 3 எழுதிவிட்டு, மேலிடத்தைக் காலியாக வைத்துக் காத்திருக்க வேண்டும். "இரண்டு" என்று கேட்டதும் அதை மேலே எழுத வேண்டும். நாளொன்றுக்கு ஐந்து பின்னங்கள் வீதம் ஒரு வாரம் செய்தால் கை பழகிவிடும்.

அதுவும் பலிக்காதபோது பெயர்களைச் சோதியுங்கள். பின்னத்தின் கீழ் எண்ணுக்குப் பகுதி என்றும் மேல் எண்ணுக்குத் தொகுதி என்றும் பெயர். ஆனால் அன்றாடப் பேச்சில் "பகுதி" என்றால் ஒரு பங்கு, ஒரு துண்டு. ஆகவே பகுதி எது என்று கேட்டால், வண்ணமிட்ட துண்டுகளையே பிள்ளை காட்டுகிறது. அதன் பார்வையில் அந்த விடையில் நியாயம் இருக்கிறது. இந்தச் சொற்களைப் பயன்படுத்தாமலே, "எத்தனை சமத் துண்டுகளாக்கினோம்? அவற்றுள் எத்தனையை எடுத்தோம்?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் சரியாக விடை வந்தால் பொருள் புரிந்திருக்கிறது, பெயர்தான் ஒட்டவில்லை. பகுத்ததைச் சொல்வது பகுதி, தொகுத்ததைச் சொல்வது தொகுதி என்று சொற்களின் வேரைக் காட்டிவிட்டால் போதும். நான் சில மாதங்கள்வரை "பகுதி எண்", "தொகுதி எண்" என்றே எழுத வைக்கிறேன். அந்த ஒரு சொல் சேர்வதால் துண்டு என்ற பொருள் விலகிவிடுகிறது.

துண்டுகளைப் பற்றிய கேள்விக்கே விடை வரவில்லை என்றால் நேராக அறிகுறி 7-க்குச் செல்லுங்கள்.

அறிகுறி 2: 5/5, 8/4 போன்றவற்றைத் தகு பின்னம் என்கிறது, அல்லது பின்னமே இல்லை என்கிறது

இதன் காரணம் பெரும்பாலும் நாம் சொல்லிக் கொடுத்த சுருக்கத்தில் இருக்கும். தொகுதி பெரிதாக இருந்தால் தகாப் பின்னம் என்று அவசரத்தில் சொல்லிவிடுகிறோம். 5/5-இல் தொகுதி பெரிதில்லை. எனவே பிள்ளை அதை மறுபக்கத்தில் போடுகிறது. சொல்ல வேண்டியது இதுதான்: தொகுதி பகுதியைவிடச் சிறிதாக இருந்தால் மட்டும் தகு பின்னம், சமமாக இருந்தாலும் பெரிதாக இருந்தாலும் தகாப் பின்னம். பிள்ளையின் நோட்டில் வரையறை எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று புரட்டிப் பாருங்கள். அங்கேயே சமம் என்ற நிலை விடுபட்டிருந்தால் திருத்தி எழுதிவிட்டு, 4/5, 5/5, 6/5 மூன்றையும் அடுத்தடுத்து வகைப்படுத்தச் சொல்லுங்கள்.

8/4 என்பதை "இது 2 தானே, பின்னம் எப்படி ஆகும்?" என்று கேட்கும் பிள்ளையைத் தயவுசெய்து அடக்காதீர்கள். அது கவனித்துப் பார்க்கும் பிள்ளை. மதிப்பு முழு எண்ணாக இருந்தாலும் எழுதிய வடிவம் பின்னம்தான், அதிலும் தகாப் பின்னம் என்று விளக்கினால் ஏற்றுக்கொள்ளும்.

அறிகுறி 3: படத்தில் 5/4 இருக்க, 5/8 என்று எழுதுகிறது

இரண்டு வட்டங்கள், ஒவ்வொன்றும் நான்கு சமத் துண்டுகள், முதல் வட்டம் முழுவதும், இரண்டாவதில் ஒரு துண்டும் வண்ணமிடப்பட்டிருக்கின்றன. பிள்ளை எல்லாத் துண்டுகளையும் எண்ணி எட்டு என்கிறது, வண்ணமிட்டவற்றை எண்ணி ஐந்து என்கிறது, 5/8 என்று எழுதித் தகு பின்னம் என்கிறது. நான் காணும் பிழைகளுள் இதுவே மிகவும் பிடிவாதமானது. எனவே இதில் நேரம் செலவிடத் தயங்க வேண்டாம்.

முதலில் கேள்வியைச் சோதியுங்கள். "வண்ணமிட்ட பின்னம் என்ன?" என்று மட்டும் கேட்டிருந்தால், இரண்டு வட்டங்களையும் சேர்த்து ஒரு முழுவாகக் கொண்ட பிள்ளைக்கு 5/8 சரியான விடைதான். "ஒரு வட்டம் ஒரு முழு" என்று படத்தின் அடியில் எழுதிவிட்டு அதே கேள்வியை மீண்டும் கேளுங்கள். விடை மாறினால் பிழை பிள்ளையுடையது அன்று, கேள்வியுடையது.

விடை மாறவில்லை என்றால், முழு என்பது பிள்ளையின் மனத்தில் நிலைபெறவில்லை என்று பொருள். தோசையை வைத்துக் கேட்டுப் பாருங்கள். ஒரு தோசையை நான்காகப் பிய்த்து ஒரு துண்டைக் கையில் கொடுத்து, இது எவ்வளவு என்று கேட்டால் கால் தோசை என்று சொல்லும். இரண்டாவது தோசையையும் நான்காகப் பிய்த்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, "இப்போது உன் கையில் இருப்பது எவ்வளவு?" என்று கேளுங்கள். பக்கத்தில் இன்னொரு தோசை வந்ததால் கையிலுள்ள துண்டு கால் தோசையிலிருந்து அரைக்கால் (1/8) தோசையாகச் சுருங்கிவிடாது என்பதை அது தானே சொல்லும். அதன்பின் ஒரு முழுத் தோசையும் ஒரு துண்டும் தட்டில் வைத்தால் ஐந்து கால்கள், அதாவது 5/4, என்ற எழுத்துக்கு எளிதில் வந்து சேரலாம். பிறகு இதைப் பட்டைகளில் வரைந்து, ஒவ்வொரு முழுவையும் சுற்றித் தடித்த கோடு போடும் வழக்கத்தை உண்டாக்குங்கள்.

இதற்கும் அசையாத பிள்ளைக்கு எண் கோடு தேவைப்படும். 0, 1, 2 குறித்த கோட்டில் ஒவ்வோர் இடைவெளியையும் நான்காகப் பிரித்து, ஒரு கால், இரண்டு கால், மூன்று கால் என்று விரலை நகர்த்தி எண்ண வையுங்கள். நான்கு கால் என்னும்போது விரல் 1-இன்மேல் நிற்கும். ஐந்து கால் அதைத் தாண்டிவிடும். தகு பின்னங்கள் எல்லாம் 1-க்கு இடப்பக்கம், தகாப் பின்னங்கள் எல்லாம் 1-இன்மேலோ அதற்கு வலப்பக்கமோ இருப்பதைப் பிள்ளை கண்ணால் பார்த்துவிடும். இதற்கு நாள்தோறும் பதினைந்து நிமிடம் வீதம் இரண்டு வாரங்களாவது ஒதுக்குங்கள்.

தகாப் பின்னம் என்ற பெயரைக் கேட்டு, அது தவறான பின்னம், எழுதக்கூடாதது என்று எண்ணிக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் 5/4 என்று எழுதிவிட்டுப் பயந்து 4/5 என்று திருப்பிவிடுவார்கள். அந்தப் பெயர் குற்றம் சுமத்துவதன்று என்று ஒருமுறை தெளிவாகச் சொன்னால் தீர்ந்துவிடும்.

அறிகுறி 4: கலப்புப் பின்னத்தைத் தகாப் பின்னமாக மாற்றும்போது விடை கோணுகிறது

2 ¾ என்பதை மாற்றச் சொல்லுங்கள். சரியான விடை 11/4. தவறாக வந்தால், வந்த விடையைப் பாருங்கள். அதுவே காரணத்தைச் சொல்லிவிடும்.

விடை 23/4 என்றால் பிள்ளை எழுத்தைத்தான் தவறாகப் படித்திருக்கிறது. முழு எண்ணுக்கும் பின்னத்துக்கும் இடையே இடைவெளி விடாமல் எழுதியதாலோ, கைபேசியில் தட்டச்சிட்ட வீட்டுப்பாடத்தில் அந்த இடைவெளி காணாமல் போனதாலோ இது நேர்கிறது. முழு எண்ணைப் பெரிதாகவும் பின்னத்தைச் சிறிதாகவும் எழுத வையுங்கள்.

10/4 என்று வந்தால் வழிமுறை குழம்பியிருக்கிறது. முழு எண்ணைப் பகுதியால் பெருக்கித் தொகுதியைக் கூட்டுவதற்குப் பதிலாக, தொகுதியால் பெருக்கிப் பகுதியைக் கூட்டிவிட்டது. இந்தப் பிள்ளை காரணம் அறியாமல் படிகளை மட்டும் நினைவில் வைத்திருக்கிறது. ஒரு முழுவில் நான்கு கால், இரண்டு முழுவில் எட்டு கால், கையில் இன்னும் மூன்று கால், ஆகப் பதினொரு கால் என்று வாய்விட்டுச் சொல்ல வைத்தால் படிகளை நினைவில் வைக்கும் தேவையே இருக்காது.

5/4 என்றால் 2-ஐயும் 3-ஐயும் கூட்டியிருக்கிறது. இரண்டு முழுவும் மூன்று துண்டும் அதற்கு ஒரே இனமாகத் தெரிகின்றன. 6/4 என்றால் 2-ஐ ¾-ஆல் பெருக்கியிருக்கிறது. இந்த இரண்டுக்கும் மருந்து நம் மொழியிலேயே இருக்கிறது. 2 ¾ என்பதை "இரண்டேமுக்கால்" என்று படிக்கச் சொல்லுங்கள். இரண்டும், அதற்குமேல் முக்காலும் என்ற பொருள் அந்த "ஏ"யில் அடங்கியிருக்கிறது. ஒன்றேகால், மூன்றேமுக்கால் என்று கடையிலும் அடுப்படியிலும் காதில் விழும் சொற்கள் எல்லாம் கலப்புப் பின்னங்களே. முக்கால் என்ற சொல்லும் மூன்று கால் என்று, தொகுதியான மூன்றையும் எண்ணப்படும் துண்டான காலையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது: அரைக்கால் என்பது அரையும் காலும் அன்று, காலில் அரை, அதாவது 1/8. காலும் அரைக்காலும் சேர்ந்தால் "காலே அரைக்கால்", அதாவது 3/8. இந்தச் சொற்கள் வீட்டில் வழங்கினால் தாத்தா பாட்டியோடு உட்கார வைத்துச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அது நல்ல பயிற்சி.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2 என்று எழுதிப் பக்கத்தில் 5/4 எழுதியிருந்தால், பார்வைக்குக் கலப்புப் பின்னம்போல் இருந்தாலும் அது முடிவடையாத விடை. கலப்புப் பின்னத்தில் முழு எண்ணை அடுத்து நிற்பது தகு பின்னமாக இருக்க வேண்டும். அந்த 5/4-இலிருந்து ஒரு முழுவைப் பிரித்தெடுத்தால் 3 ¼ என்று முடியும்.

அறிகுறி 5: 3/5, 3/7 இரண்டையும் ஓரினப் பின்னங்கள் என்கிறது

மேலே ஒரே எண் இருப்பது கண்ணில் முதலில் படுவதால் இந்தப் பிழை வருகிறது. இரண்டையும் தமிழில் படிக்க வையுங்கள்: ஐந்தில் மூன்று, ஏழில் மூன்று. எண்ணிக்கை ஒன்று, எண்ணப்படும் துண்டின் அளவு வேறு. மூன்று மாம்பழத்தையும் மூன்று நெல்லிக்காயையும் ஓரினம் என்று யாரும் சொல்வதில்லை. மூன்று மாம்பழமும் ஐந்து மாம்பழமும் ஓரினம். துண்டின் இனத்தைச் சொல்வது பகுதியே; பகுதி ஒன்றாக உள்ளவையே ஓரினப் பின்னங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது பத்து நிமிடத்தில் நேராகிவிடும்.

சற்று ஆழமான காரணம், ஓரினத்தையும் சமானத்தையும் ஒன்றாக எண்ணுவது. 1/2, 2/4 இரண்டும் மதிப்பில் சமம். ஆகவே அவை சமான பின்னங்கள். ஆனால் பகுதிகள் வெவ்வேறாக இருப்பதால், எழுதியுள்ள வடிவில் அவை வேற்றினப் பின்னங்கள். 1/4, 3/4 இரண்டும் ஓரினம். ஆனால் சமம் இல்லை. இந்த இரண்டு சோடிகளையும் அருகருகே எழுதி, "பகுதி ஒன்றா? மதிப்பு ஒன்றா?" என்று தனித்தனியே கேட்டால், இரண்டும் வேறு வேறு கேள்விகள் என்பது புலப்படும். சமானத்தை நிறுவக் காகிதப் பட்டையை மடித்துக் காட்டுங்கள். பாதியாக மடித்ததை மீண்டும் மடித்தால் துண்டுகளின் எண்ணிக்கை இரட்டிக்கும், வண்ணமிட்ட பரப்பு மாறாது.

ஆர்வமுள்ள பிள்ளைக்கு நான் கொடுக்கும் கணக்கு ஒன்று. பழைய தமிழ் அளவுகளில் மா என்பது 1/20, காணி என்பது 1/80. மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி. வேற்றினமாக நிற்கும் அந்த இரண்டையும் ஓரினமாக்கிக் கூட்டச் சொல்லுங்கள். 1/20 என்பது 4/80, அதனுடன் 1/80 சேர்ந்தால் 5/80, சுருக்கினால் 1/16. மாகாணிக்கு வீசம் என்றும் பெயர் சொல்லி, அது பதினாறில் ஒன்று என்று வாய்ப்பாட்டில் படித்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால், பிள்ளை கண்ட விடையை அவர்களிடமே சரிபார்த்துக்கொள்ளட்டும்.

அறிகுறி 6: "இது தகு பின்னமா, ஓரினப் பின்னமா?" என்று குழம்புகிறது

வகைகளை எல்லாம் ஒரே பட்டியலாக மனப்பாடம் செய்ததன் விளைவு இது. தகு பின்னம், தகாப் பின்னம், கலப்புப் பின்னம், ஓரலகுப் பின்னம், ஓரினம், வேற்றினம், சமானம் என்று ஏழு பெயர்களை வரிசையாக எழுதிப் போட்டால், ஒரு பின்னத்துக்கு அவற்றுள் ஒரே ஒரு பெயர்தான் பொருந்தும் என்று பிள்ளை எண்ணிக்கொள்கிறது. 1/6 தொகுதி 1 ஆக இருப்பதால் ஓரலகுப் பின்னம், தகு பின்னமும்கூட. இரண்டு பெயரும் சரி. ஓரினமா, வேற்றினமா, சமானமா என்று கேட்பதற்கோ குறைந்தது இரண்டு பின்னங்கள் வேண்டும். தனியாக நிற்கும் 3/8-ஐ ஓரினமா என்று கேட்பது, தனியாக நிற்கும் ஒருவரைப் பார்த்து "இவர் உயரத்தில் சமமா?" என்று கேட்பதைப் போன்றது.

சோதிக்க, 1/6 என்று எழுதி "இதற்குப் பொருந்தும் பெயர்கள் எல்லாவற்றையும் சொல்" என்று கேளுங்கள். ஒன்றோடு நிறுத்திவிட்டால் பட்டியலைக் கிழித்துவிட்டு, ஒற்றைப் பின்னத்தைப் பார்த்துக் கேட்பவை ஒரு பக்கமும் சோடியைப் பார்த்துக் கேட்பவை மறுபக்கமுமாகப் பிள்ளையின் கையாலேயே எழுத வையுங்கள்.

அறிகுறி 7: படம், துண்டு எதைக் காட்டினாலும் பின்னம் சொல்ல முடியவில்லை

துண்டுகள் சமமாக இல்லாத படத்தைக் காட்டி, "இதில் வண்ணமிட்டது நான்கில் ஒன்றா?" என்று கேளுங்கள். ஆம் என்று சொன்னால், சமப் பங்கு என்ற அடிப்படையே இன்னும் அமையவில்லை. வகைகளை முற்றிலும் ஒதுக்கி வைத்துவிட்டு, பன்னிரண்டு புளியங்கொட்டைகளை மூவருக்கும் நால்வருக்கும் ஆறு பேருக்கும் சமமாகப் பங்கிடும் விளையாட்டிலிருந்து தொடங்க வேண்டும். பங்கிடுவோர் கூடக்கூட ஒருவருக்குக் கிடைப்பது குறைகிறது என்பதைக் கை உணர்ந்த பிறகே, பகுதி பெரிதாகப் பெரிதாக ஓரலகுப் பின்னம் சிறிதாகிறது என்பது, அதாவது 1/8 என்பது 1/4-ஐவிடச் சிறிது என்பது, விளங்கும். இது எல்லாவற்றிலும் நீண்ட வேலை. ஒரு மாதம் ஆகலாம். வகுப்பில் பாடம் ஓடிக்கொண்டிருக்கும்போது பின்னோக்கிப் போவதற்குப் பெற்றோர் அஞ்சுகிறார்கள். போகாவிட்டால் அடுத்த ஆண்டும் இதே இடத்தில்தான் நிற்க வேண்டியிருக்கும்.

எப்போது மற்றவரை நாட வேண்டும்

வீட்டில் சொல்லும்போது சரியாகச் செய்து, தேர்வில் மட்டும் பிழை செய்தால் முதலில் வகுப்பாசிரியரைப் பாருங்கள்; பள்ளியில் பயன்படுத்தும் பெயர்களும் வீட்டில் பயன்படுத்தும் பெயர்களும் வேறாக இருக்கலாம். கரும்பலகையிலிருந்து பார்த்து எழுதும்போது மட்டும் எண்கள் மாறினால், கணக்கைத் தொடுவதற்கு முன் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நான்கு முதல் ஆறு வாரங்கள் நாள்தோறும் பொறுமையாகச் செய்தும் அறிகுறி 7 அசையவில்லை என்றாலோ, பின்னத்தைத் தாண்டி 6, 8 இரண்டில் எது பெரிது என்பதற்கும் நான்கைந்து பொருள்களைக் கணக்கிடுவதற்கும் பத்து வயதிலும் பிள்ளை திணறினாலோ, அது நம்மால் வீட்டில் தீர்க்கக் கூடியதன்று. கணக்கைக் கற்பதில் மட்டும் தொடர்ந்து நீடிக்கும் இத்தகைய குறைபாட்டுக்கு டிஸ்கால்குலியா என்று பெயர். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளுள் ஒன்றாக இதை ஏற்றிருக்கிறது. குழந்தை மருத்துவர் பார்வையையும் செவித்திறனையும் சோதித்த பிறகு, மருத்துவ உளவியலாளர் இதை மதிப்பிடுவார். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிப் பிள்ளையாக இருந்தால், வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியரைத் தலைமையாசிரியர் வழியாக அணுகலாம். ஒரே அறிகுறியை மட்டும் வைத்து, குறைபாடு என்ற முடிவை வீட்டிலேயே யாரும் எடுத்துவிட வேண்டாம். மேலே உள்ள பிழைகள் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளிடமும் வருபவை.

அவ்வாறு செல்லும்போது மதிப்பெண் பட்டியலைவிட, அழிக்காமல் வைத்திருக்கும் அந்தக் கட்ட நோட்டைக் கொண்டு செல்லுங்கள். எந்தத் தேதியில் எந்தச் சோதனைக்கு என்ன விடை வந்தது என்பதை ஓரத்தில் குறித்து வைத்திருந்தால், மதிப்பிடுபவர் முதல் சந்திப்பிலேயே எங்கிருந்து தொடங்குவது என்று பார்த்துக்கொள்ள முடியும்.